அப்போஸ்தலர்கள் நடமாடிய இடங்களில் உங்களுக்கு நேர்ந்தது என்ன? வாசகர்கள் எழுதியவை

எபேசு போன மருமகள்:
துருக்கியில் இருக்கும் பழைய எபேசு நகரத்து அரங்கம். பவுலின் பிரசங்கத்தால் பிழைப்பு போகிறதே என்று தட்டான் தெமேத்திரியு கிளப்பிவிட்ட கூட்டம், தங்கள் தேவியின் பெயரைச் சொல்லி இரண்டு மணி நேரம் "எபேசியருடைய தியானாளே பெரியவள்" என்று கத்திய இடம். சுமார் 25,000 பேர் உட்காரலாம் என்கிறார்கள். மண்டையைப் பிளக்கும் வெயில். எங்கள் குழுவை அழைத்து வந்தவர் கீழே கையைக் காட்டி, "பவுல் இங்கே நின்றுதான் அந்தக் கூட்டத்திடம் பேசினார்" என்றார். என் அத்தை (மாமியார், முப்பது வருஷம் ஓய்வுநாள் பள்ளி நடத்தியவர்) சத்தமாகவே, "அவரை உள்ளயே விடலியே தம்பி" என்றார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் அவர் கையைப் பிடித்து இழுத்து, "சும்மா இருங்க அத்தை" என்றேன். அப்புறம் பஸ் ஏறும்வரை அவர் வாயே திறக்கவில்லை.

ராத்திரி வேதாகமத்தில் அப்போஸ்தலர் நடபடிகள் 19ஆம் அதிகாரத்தை எடுத்துப் பார்த்தேன். பவுல் போகத்தான் துடித்தார், சீஷர்கள் விடவில்லை. அவருக்கு வேண்டிய அதிகாரிகளும் ஆள் அனுப்பித் தடுத்தார்கள். கூட்டம் உள்ளே இழுத்துப்போனது அவருடைய வழித்துணைகளான காயுவையும் அரிஸ்தர்க்குவையும்தான். அத்தையிடம் சொல்ல எழுந்தேன், தூங்கிவிட்டிருந்தார். காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டேன். சொல்லவே இல்லை. போன வருஷம் அத்தை கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்.

சைதாப்பேட்டைப் பேரன்:
சென்னை சின்னமலை. எனக்குப் பத்து வயது, பாட்டியோடு போயிருந்தேன். குகைக்குள் அந்தத் துவாரம் இருக்கிறதே, அப்போஸ்தலர் தோமையார் (தோமா) பரங்கிமலைக்குத் தப்பிப் போன வழி, அதன் பக்கத்தில் கைத்தடம். என் கையை அதில் வைத்தேன். பாட்டி மெதுவாக அதை எடுத்துவிட்டுத் தன் கையை வைத்து, ஒரு பெயரை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள். ஆண் பெயர். அப்படி ஒருவர் எங்கள் வீட்டில் கிடையாது. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்டேன், அடி விழுந்தது. யார் அவர் என்று இன்றுவரை தெரியாது.

கல்வெட்டுக் கிறுக்கன்:
பாட்டி விஷயம் சரி. ஆனால் தோமையார் தப்பிப் போன வழி என்று ஏதோ நேரில் பார்த்ததுபோல எழுதாதீர்கள். தோமாவின் பணிகள் என்ற பழைய நூல் 3ஆம் நூற்றாண்டில் சிரியாக் மொழியில், எதெசா (இன்றைய துருக்கியில்) பக்கம் எழுதப்பட்டது. அதில் வரும் கொந்தபோரஸ் அரசன் கற்பனை இல்லை, அவன் நாணயங்கள் 19ஆம் நூற்றாண்டில் கிடைத்தன. ஆனால் அவன் ஆண்டது வடமேற்கில், இன்றைய பாகிஸ்தானில் இருக்கும் தட்சசீலம் பக்கம். தோமா ஈட்டியால் குத்தப்பட்டது வேறொரு அரசனின் நாட்டில் என்கிறது நூல். அவரைப் புதைத்ததாக நம் ஊரில் சொல்லும் மயிலாப்பூர் என்ற பெயரே அதில் இல்லை. எலும்புகள் எதெசாவுக்குப் போய், அப்புறம் கிரேக்கத்தின் கியோஸ் தீவுக்குப் போய், 1258இல் இத்தாலியின் ஒர்தோனாவுக்குப் போய்ச் சேர்ந்தன என்பது மரபு. பரங்கிமலைச் சிலுவையும் 1547இல் போர்ச்சுகீசியர் தோண்டியபோது கிடைத்தது. அதிலிருப்பது பஹ்லவி என்ற பழைய பாரசீக எழுத்து, தோமையாருக்குப் பல நூற்றாண்டு பிந்தியது.

என் அனுபவமா? அந்த எழுத்தைப் பார்க்கத்தான் மலை ஏறினேன். பீடத்துக்கு மேலே வைத்திருக்கிறார்கள். அண்ணாந்து பார்த்ததில் கழுத்து பிடித்துக்கொண்டது.

சைதாப்பேட்டைப் பேரன்:
ஐயா, நான் எழுதியது பாட்டியைப் பற்றி.

இரண்டுமுறை போனவர்:
சண்டை வேண்டாம். நானும் எபேசு போனேன், செருப்பு அறுந்தது, வெறுங்காலோடு பளிங்குக் கல்லில் நடந்தேன். அதனால் போகிறவர்களுக்குச் சொல்கிறேன்: மேல்வாசலில் இறங்குங்கள், வழி முழுக்கச் சரிவுதான், கடைசியில் அரங்கம் வரும். கீழிருந்து ஏறினால் முட்டி போய்விடும். பளிங்கு வழுக்கும், பழைய செருப்பு ஆகாது. தண்ணீர், தொப்பி கட்டாயம், உள்ளே நிழல் கிடையாது. கப்பல் கூட்டம் வருவதற்குள் காலையிலேயே போய்விடுங்கள். பக்கத்துச் செல்சுக் ஊரிலேயே தங்கினால் அப்போஸ்தலர் யோவான் கல்லறை இருக்கும் குன்றையும் பார்க்கலாம், பலர் அதை விட்டுவிட்டு இஸ்மிருக்குத் திரும்பிவிடுகிறார்கள். மருமகளே, அத்தையை அந்த வெயிலில் கூட்டிப்போனதே தப்பு.

எபேசு போன மருமகள்:
அவர்தான் என்னைக் கூட்டிப்போனார்.

பட்டறைக்காரர் மகள்:
ரோமில் மதிலுக்கு வெளியே இருக்கும் சின்னப்பர் பேராலயம். (சபைக்காரர்கள் பவுல் என்று வாசித்துக்கொள்ளவும். லத்தீனில் பவுலுஸ் என்றால் சிறியவர், அதைத்தான் நம் பழைய கத்தோலிக்கர்கள் சின்னப்பர் ஆக்கினார்கள்.) அப்பாவுக்கும் அந்தப் பெயர்தான். ஆறடி ஆளுக்கு இந்தப் பெயரா என்று ஊரே கேலி செய்யும். அங்கே கல்லறைக்கு மேலே அப்போஸ்தலரைக் கட்டியிருந்ததாகச் சொல்லும் சங்கிலியைக் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள். அப்பாவை வீடியோவில் கூப்பிட்டுக் காட்டினேன். அழுவார் என்று நினைத்தேன். வெல்டிங் பட்டறை வைத்திருந்த மனுஷன், கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "கண்ணி எத்தனை இருக்கு?" என்றார். எண்ண ஆரம்பிப்பதற்குள் இணைப்பு அறுந்தது, பின்னால் நின்றவர்கள் தள்ளினார்கள், மறுநாள் விமானம்.

இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார். யாராவது போனால் எண்ணிச் சொல்லுங்கள்.