ஆகஸ்ட் 15 பேனரில் உதிர்ந்துபோன எலும்பா?

நர்மதைக்கரை:
நேற்று ராத்திரி கல்லமேட்டான் நம் குழுவில் போட்ட பேனரைப் பார்த்ததிலிருந்து எனக்கு எரிச்சல் அடங்கவில்லை. சுதந்திர தினத்தன்று காலையில் அரியலூரில் கொடியேற்றி, பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்து, அப்புறம் டைனோசர் எலும்பு எடுத்த கல்லமேட்டுக்கு வேனில் போவது என்பது திட்டம். அதுவரை சரி. ஆனால் பேனரில் அங்கே கிடைத்ததாகச் சொல்கிற புருஹத்காயோசாரஸ் என்ற டைனோசரின் படம், அதன் முதுகில் மூவர்ணக் கொடி போர்த்தியிருக்கிறது, கீழே கொட்டை எழுத்தில் "உலகிலேயே மிகப் பெரிய டைனோசர் நம் மண்ணில்". அந்த எலும்பு இப்போது எங்கே இருக்கிறது? ஒரே ஒரு துண்டு, யாராவது காட்டுங்கள். ராஜாசாரஸ் என்ற டைனோசர் அப்படியா? குஜராத் ராயோலியில் 1980களின் தொடக்கத்தில் தோண்டி எடுத்தது, மூளையிருந்த மண்டைப் பகுதி இருக்கிறது, முதுகெலும்பு, இடுப்பு, கால், வால் எலும்புகள் இருக்கின்றன. பெயர் வைத்து உலகுக்கு அறிவித்த நாள் 2003 ஆகஸ்ட் 13. சுதந்திர தினத்துக்கு இரண்டே நாள் முன்னால். இதைவிடப் பொருத்தம் வேறென்ன வேண்டும்?

கல்லமேட்டான்:
எலும்பு இருந்தது. முதலில் அதை மனதில் எழுதிக்கொள்ளுங்கள். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த யாதகிரியும் அய்யாசாமியும் கல்லமேட்டில் எடுத்து, அளந்து, வரைந்து, 1987இல் பெயர் வைத்து வெளியிட்டார்கள். கீழ்க்கால் எலும்பு மட்டும் 2 மீட்டர். நம் வீட்டு வாசல் நிலை உயரம்! அந்த மண்ணில் கிடக்கிற எலும்பு தொட்டால் பொடியாகிற வகை, பிளாஸ்டர் கட்டுப் போட்டும் உள்ளேயே உதிர்ந்துவிட்டது. அது எடுத்தவர்கள் குற்றமும் இல்லை, அந்த விலங்கின் குற்றமும் இல்லை. 2022இல் அந்தக் களப்பணியின் பழைய புகைப்படங்களே வெளியாகிவிட்டன. 2023இல் எடையைக் கணக்கிட்டவர்கள் 110 டன்னிலிருந்து 130 டன் வரை இருக்கலாம் என்று எழுதினார்கள். அர்ஜென்டினாக்காரர்கள் தங்கள் டைனோசரை 70, 75 டன் என்று சொல்லி விமான நிலையம் வரைக்கும் கொண்டாடுகிறார்கள், நாம் 110 டன்னை வைத்துக்கொண்டு வெட்கப்பட வேண்டுமா?

நர்மதைக்கரை:
புகைப்படம் எலும்பு ஆகாது. எலும்பு எங்கே?

தொடையெலும்பு:
இரண்டு பேரும் கொஞ்சம் நில்லுங்கள். கொடியேற்றியதும் தேசிய கீதம் பாடப் போகிறோம். அதை எழுதியவர் பெயரையே சுமக்கிற டைனோசர் ஒன்று இருக்கிறதே, பாராபாசாரஸ் தாகூரி, அதை ஏன் யாருமே நினைக்கவில்லை? 1961இல் தாகூர் நூற்றாண்டு, அந்த ஆண்டுதான் முதல் பெரிய தோண்டுதல், அதனால்தான் அந்தப் பெயர். கோதாவரிப் படுகையில் சுமார் 300 எலும்புகள், குறைந்தது ஆறு விலங்குகளுடையவை. தொடையெலும்பு 1.7 மீட்டர், அதுதான் பெயரிலேயே "பெரிய கால்" என்று இருக்கிறது. கொல்கத்தா இந்தியப் புள்ளியியல் நிறுவனத்துக்குப் போனால் நிற்க வைத்திருப்பதை நேரில் பார்க்கலாம், நான் கீழே நின்று அண்ணாந்து பார்த்திருக்கிறேன், கழுத்து வலித்தது. 1975இல் பெயர் வைத்த நால்வரும், ஜெயின், குட்டி, ராய்சௌத்ரி, சாட்டர்ஜி, நம் ஆட்கள். சுதந்திர இந்தியா தன் கையால் தோண்டி, தன் கையால் நிறுத்திய டைனோசர் இதுதான்.

கல்லமேட்டான்:
தலை எங்கே? பல்லைத் தவிர மண்டையோடு ஒன்றுமே கிடைக்கவில்லை. என்னுடையதற்கு எலும்பு இல்லை என்று ஒரு பதிவு முழுக்க அழுகிறவர்கள், தலையே இல்லாததை ஏற்றுக்கொள்வீர்களா?

தொடையெலும்பு:
தலை மட்டும்தான் இல்லை. உங்களுடையதில் தலையும் இல்லை, உடம்பும் இல்லை. அந்தப் பேச்சைப் பேச உங்களுக்கு என்ன தகுதி?

செந்துறைப் பொண்ணு:
கல்லமேட்டான் அண்ணா சொல்வது சரி. வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது. எங்கள் பக்கம் சிமென்ட் சுரங்கத்தில் லாரி லாரியாகச் சுண்ணாம்புக்கல் போகிறது, அதில் எத்தனை உயிரின் எச்சம் சேர்ந்து அரைபடுகிறதோ. சின்ன வயதில் நாங்கள் வரப்பில் பொறுக்கி விளையாடியது எல்லாமே அம்மோனைட், சுருள் ஓட்டுக் கடல் உயிரின் கல்லான எச்சம், அதைப் பள்ளிக்கூடத்தில் யாரும் சொல்லித் தரவில்லை. ஊருக்குப் பெருமை என்று ஒன்றே ஒன்று கிடைத்தால் அதையும் வந்து "எங்கே, காட்டு" என்று கேட்கிறீர்கள். அன்று பக்கத்திலேயே ஒரு நல்ல ஆய்வுக்கூடமும் பசை ஊற்றி எலும்பைக் காப்பாற்றுகிற ஏற்பாடும் இருந்திருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது.

நர்மதைக்கரை:
தங்கச்சி, ஊர்ப் பெருமை வேறு, உலக சாதனை வேறு. உங்கள் அண்ணன் சொல்லாமல் விட்டதைச் சொல்கிறேன். 1987இல் அதை என்னவென்று எழுதினார்கள் தெரியுமா? இறைச்சி தின்கிற டைனோசர் என்று. 1995இல்தான் சாட்டர்ஜி அது நீண்ட கழுத்து இலைதின்னி என்று மாற்றினார். சிலர் கல்லாகிப்போன மரமாக இருக்கலாமோ என்றுகூடச் சந்தேகப்பட்டார்கள். புலியா யானையா மரமா என்று தெரியாத ஒன்றின் மேல் நாட்டுக் கொடியைப் போர்த்துகிறீர்கள். இன்னொன்று. முழுப் பெயர் புருஹத்காயோசாரஸ் மாட்லியி. மாட்லி யார்? வெள்ளைக்காரர். வெள்ளைக்காரன் போன நாளில் வெள்ளைக்காரன் பெயரையா ஏற்றுவீர்கள்?

கல்லமேட்டான்:
மாட்லி 1929லேயே திருச்சி மாவட்டத்து டைனோசர்களைப் பற்றி எழுதியவர். அந்த மரியாதைக்கு நம் ஆட்கள் இருவர் தாங்களாக விரும்பி வைத்த பெயர் அது, யாரும் துப்பாக்கி காட்டி வைக்கச் சொல்லவில்லை. உங்கள் ராஜாசாரஸ் கட்டுரையில் முதல் பெயர் யாருடையது? வில்சன். அடுத்தது செரீனோ. இரண்டு பேரும் அமெரிக்காவிலிருந்து வந்தவர்கள். தோண்டி எடுத்த ஸ்ரீவாஸ்தவா பெயர் அதற்கும் பின்னால் நிற்கிறது. அப்புறம் ராஜா! 1947க்குப் பிறகு ஐந்நூறுக்கும் மேற்பட்ட சமஸ்தானங்களைப் பட்டேல் ஒவ்வொன்றாகச் சேர்த்து இந்த நாட்டைக் கட்டினார். ராயோலி இருக்கிற பாலாசினோரே ஒரு சமஸ்தானம். அந்த நாளில் ராஜா பெயரைத் தூக்கிக்கொண்டு வருகிறீர்கள். நீளத்தையும் சொல்லவா? முதலில் 9 மீட்டர் என்றார்கள், ஒருவர் 11 வரை போனார், 2016இல் 6.6 மீட்டருக்கு இறங்கிவிட்டது. எலும்பு கையில் இருந்தே இந்த நிலைமை.

நர்மதைக்கரை:
எலும்பு கையில் இருந்ததால்தான் திருத்த முடிந்தது. உங்களுடையதை யார் திருத்துவது, எதைப் பார்த்துத் திருத்துவது? மறுபடியும் கேட்கிறேன். எலும்பு எங்கே?

சுண்ணாம்புக்கல்:
எந்த டைனோசராக இருந்தாலும் எனக்கு ஒன்றுதான். ஆனால் கொடியை விலங்கின் முதுகில் போர்த்திய மாதிரி வரைந்திருப்பது தவறு. கொடி விதிமுறைகளில், அரசு மரியாதையுடன் நடக்கும் இறுதிச் சடங்கு தவிர, தேசியக் கொடியைப் போர்வை மாதிரி எதன் மேலும் விரிக்கக் கூடாது என்று தெளிவாக இருக்கிறது. பக்கத்தில் கம்பத்தில் பறக்கிற மாதிரி வரையச் சொல்லுங்கள்.

கல்லமேட்டான்:
அது படம், நிஜக் கொடி இல்லை.

சுண்ணாம்புக்கல்:
படம் என்றாலும் பேனர் பொது இடத்தில் கட்டுகிறோம். போன தடவை பிளாஸ்டிக் கொடி வாங்கி வந்து, பிள்ளைகள் ரோட்டில் போட்டுப் போனதை நான்தான் குனிந்து குனிந்து பொறுக்கினேன். அன்றைக்கும் "அது பொம்மைக் கொடி" என்றுதான் சொன்னீர்கள். எனக்கு மறக்கவில்லை.

கல்லமேட்டான்:
இதை இங்கே எதற்கு இழுக்கிறீர்கள்? பேச்சு புருஹத்காயோசாரஸ் பற்றி.

தொடையெலும்பு:
பழையதைப் பேசுவதென்றால் நானும் பேசுகிறேன். 2020இல் பெரம்பலூர் பக்கம் குன்னத்தில் குளம் வெட்டும்போது உருண்டை உருண்டையாகக் கல் வந்ததே, "டைனோசர் முட்டை, டைனோசர் முட்டை" என்று நம் குழுவில் முதலில் கூவியது யார்? கல்லமேட்டான்தான். நிபுணர்கள் போய்ப் பார்த்து அம்மோனைட் கலந்த கடல் படிவம், முட்டையே இல்லை என்று சொன்ன பிறகும் ஒரு வாரம் ஒத்துக்கொள்ளவில்லை. அதே ஆள்தான் இப்போது 130 டன் என்கிறார்.

கல்லமேட்டான்:
அன்றைக்குச் செய்தித் தொலைக்காட்சி எல்லாம் முட்டை என்றுதான் போட்டது. நான் மட்டும் சொன்ன மாதிரி பேச வேண்டாம். அப்புறம் பிடிவாதம் பற்றி நீங்கள் பேசக் கூடாது, வேன் பிடித்து எல்லாரும் கல்லமேடு போன அன்று பெட்ரோல் செலவில் என் பங்கு 600 ரூபாய் தருகிறேன் என்று சொல்லிவிட்டு இன்று வரை தராதவர் நீங்கள்.

தொடையெலும்பு:
அந்த வேனில் நான் பாதி வழியில் இறங்கிவிட்டேன். பாதி வழிக்கு எதற்கு முழுப் பங்கு?

செந்துறைப் பொண்ணு:
இறங்கியதே எங்கள் வீட்டு வாசலில்தான், மதியச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வரும்போது மறுபடியும் ஏறினீர்கள். எங்கள் அம்மாவைக் கேளுங்கள்.

அட்மின்:
பணக் கணக்கு இங்கே வேண்டாம். பேனர் பற்றி மட்டும் பேசுங்கள்.

கல்லமேட்டான்:
சரி, பேனர் பற்றியே பேசுகிறேன், முழுவதும் படித்துவிட்டுப் பதில் போடுங்கள். தொலைந்தால் டைனோசர் இல்லை என்றாகிவிடுமா? 1828இல் ஜபல்பூர் பாரா சிம்லா குன்றில் ஸ்லீமன் என்ற ஆங்கிலேய அதிகாரி வால் எலும்பு எடுத்தார். வழிப்பறிக் கொள்ளையரான தக்கர்களை ஒழித்தவர் என்று வரலாற்றில் படித்தோமே, அவரேதான். அப்போது டைனோசர் என்ற சொல்லே கிடையாது, ஓவன் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி அந்தச் சொல்லை உருவாக்கியது 1842இல். 1877இல் லைடெக்கர் அதற்கு டைட்டனோசாரஸ் இண்டிகஸ் என்று பெயர் வைத்தார். பெயரிலேயே இந்தியா! அப்புறம் அந்த வால் எலும்பு காணாமல் போனது. பல பத்தாண்டுகள் யாருக்கும் எங்கே என்று தெரியாது. 2012இல் கொல்கத்தாவில் புவியியல் ஆய்வுத் துறையின் சேகரிப்பிலேயே கிடைத்தது. இடைப்பட்ட காலத்தில் டைட்டனோசாரஸ் பொய் என்று யாராவது சொன்னார்களா? உலகம் முழுக்க ஒரு பெரிய குடும்பத்துக்கே அந்தப் பெயரைத்தான் வைத்திருந்தார்கள். அதே நியாயம் கல்லமேட்டுக்கு ஏன் இல்லை? சென்னையிலோ டெல்லியிலோ கிடைத்திருந்தால் நீங்கள் யாரும் இப்படிக் கேட்டிருக்க மாட்டீர்கள். அரியலூர் என்பதால் கேட்கிறீர்கள். இந்த மண் கடலுக்கு அடியில் கிடந்தது, கடல் பின்வாங்கி ஆறும் சேறுமாக இருந்த காலத்தில், டைனோசர்களின் கடைசிக் காலமான கிரெட்டேசியஸ் முடியும் கட்டத்தில், இந்த விலங்கு இங்கே நடந்தது. அப்போது இந்தியா ஆசியாவோடு ஒட்டவே இல்லை, மடகாஸ்கரை விட்டுப் பிரிந்து தனியாகக் கடலில் போய்க்கொண்டிருந்த நிலம். தனியாக நின்ற அந்த நிலத்தின் மிகப் பெரிய உயிரைச் சுதந்திர தினத்தில் நினைக்காமல் வேறு எந்த நாளில் நினைப்பது? எனக்கு இது விளையாட்டு இல்லை. என் மகளுக்கு அந்த இடத்தைக் காட்டி "இங்கேதான்" என்று சொன்னபோது அவள் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாள்.

நர்மதைக்கரை:
மகள் கதை நெஞ்சைத் தொட்டது, மறுக்கவில்லை. ஆனால் டைட்டனோசாரஸ் தொலைந்தது, கிடைத்தது. உங்களுடையது உதிர்ந்தது. தொலைந்தது வேறு, உதிர்ந்தது வேறு. உதிர்ந்தது எந்த அலமாரியிலிருந்தும் கிடைக்காது. தனியாகப் போன நிலம் என்றீர்களே, அதற்குச் சாட்சியே ராஜாசாரஸ்தான், அதன் நெருங்கிய சொந்தம் மஜுங்காசாரஸ் மடகாஸ்கரில் இருக்கிறது. என் வாதத்தையே எடுத்து உங்கள் பேனருக்கு ஒட்டுகிறீர்கள். "மிகப் பெரிய" என்ற சொல்லையாவது எடுங்கள்.

கல்லமேட்டான்:
எடுக்க மாட்டேன். 2 மீட்டர் எலும்பு.

நர்மதைக்கரை:
எங்கே?

கல்லமேட்டான்:
இருந்தது. அளந்தார்கள்.

தொடையெலும்பு:
1.7 மீட்டர், இன்றைக்கும் போய் யார் வேண்டுமானாலும் அளக்கலாம்.

சுண்ணாம்புக்கல்:
கொடியை முதுகிலிருந்து எடுத்தாயிற்றா இல்லையா? அதற்கு மட்டும் யாரும் பதில் சொல்லவில்லை.

அட்மின்:
வாக்கெடுப்பு வைக்கலாமா?

கல்லமேட்டான்:
எதற்கு வாக்கெடுப்பு? ஃபிளெக்ஸ் கடையில் கொடுத்து முன்பணமும் கட்டிவிட்டேன், என் கைக்காசு. பத்தடிக்கு ஆறடி. எதிர்க்கிறவர்கள் தங்கள் காசில் தங்கள் ராஜாவை அடித்துக்கொண்டு வரட்டும்.

நர்மதைக்கரை:
அடித்துக்கொண்டுதான் வருவேன். அன்று காலையில் கொடிக்கம்பத்துக்கு வலப்பக்கம் ராஜாசாரஸ் நிற்கும், கீழே ஆகஸ்ட் 13, 2003 என்று போட்டிருப்பேன். பிள்ளைகள் "அந்தப் பெரிய எலும்பு எங்கே மாமா" என்று கேட்டால் உங்களிடம்தான் அனுப்புவேன்.

கல்லமேட்டான்:
அனுப்புங்கள். வேனில் ஏற்றிக் கல்லமேட்டுக்கே கூட்டிப் போய்ச் சொல்கிறேன். வலப்பக்கம் இடம் கிடையாது, அங்கே மைக் செட்.

தொடையெலும்பு:
வேனில் எனக்கு ஒரு சீட் வையுங்கள்.

கல்லமேட்டான்:
600 ரூபாய்.