வாதநோய் மருத்துவரைப் பார்க்கப் போன அன்று என் கைகளில் வீக்கம் இல்லை

தாமரைக்குளம்:

நான்கு மாதங்களாகக் காலையில் எழுந்தவுடன் இரண்டு கைகளையும் மடக்க முடிவதில்லை. மார்கழி முழுவதும் எங்கள் வாசலில் கோலமிட்டவள் என் மகள்தான். கட்டைவிரலும் சுட்டுவிரலும் சேர்ந்தால்தானே இழை இழுக்க முடியும், எனக்கு அவை சேரவே இல்லை. முடக்கு வாதமாக இருக்கலாம் என்று எங்கள் ஊர் மருத்துவர் எழுதிக் கொடுத்த கடிதத்தோடு, ஆறு வாரம் காத்திருந்து, மதுரையில் ஒரு வாதநோய் நிபுணரைப் பார்க்கப் போனோம். மற்றவை எல்லாம் உங்களுக்குத் தெரிந்தவைதாம். டோக்கன், கூட்டம், மூன்று மணி நேரக் காத்திருப்பு.

அவர் என் விரல் கணுக்களை ஒவ்வொன்றாகத் தம் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். இரண்டு கைகளையும் பார்த்து முடித்தபின், "இப்போது வீக்கம் எதுவும் இல்லையே அம்மா" என்றார். அவர் குரலில் குற்றம் சொல்லும் தொனி எதுவும் இல்லை. ஆனால் பக்கத்தில் அமர்ந்திருந்த என் கணவர் திரும்பி என்னைப் பார்த்தார். நான்கு மாதமாக ஈரத்துணியைப் பிழிய முடியவில்லை என்று நான் சொல்லிக்கொண்டிருந்தது முழுவதையும் அந்த ஒரு கணத்தில் அவர் திரும்ப எண்ணிப் பார்க்கிறார் என்று எனக்குத் தோன்றியது.

நடந்தது இதுதான். ஐந்து மணி நேரப் பேருந்துப் பயணத்தை நினைத்து அஞ்சி, முந்தைய இரவு தெருமுனையில் இருக்கும் கிளினிக்கில் ஒரு ஊசி போட்டுக்கொண்டேன். அது என்ன ஊசி என்று கேட்கவில்லை. கடைசியாக மருத்துவர் கேட்டபோது, "வலிக்கு ஊசி" என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது. அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அந்த ஊசியே வீக்கத்தை அடக்கியிருக்கலாம் அல்லவா. இரத்தப் பரிசோதனைகளும் மூட்டுக்கு ஸ்கேனும் எழுதிக் கொடுத்து, எந்த ஊசியும் போடாமல் நான்கு வாரம் கழித்து வரச் சொல்லி அனுப்பினார்.

கணக்கர்:

எனக்கு நேர்ந்தது இதற்கு நேர் எதிர். என் உடம்பில் ஒன்றும் இல்லை, தாளில்தான் எல்லாம் இருந்தது. முழு உடல் பரிசோதனைத் திட்டம் ஒன்றில், உடம்பின் சொந்த செல்களையே எதிர்க்கும் எதிர்ப்பொருள் இரத்தத்தில் உண்டா என்று பார்க்கும் ஏ.என்.ஏ. பரிசோதனையும் சேர்ந்திருந்தது; முடிவு 1:80, அதாவது எண்பது மடங்கு நீர்த்தபின்னும் தெரிகிறது, பாசிட்டிவ், தடித்த எழுத்தில். நிபுணரைப் பார்க்கப் பத்தொன்பது நாள் இருந்தது. அந்தப் பத்தொன்பது நாளில் நான் படிக்காத நோய் இல்லை. காப்பீட்டுப் பத்திரங்களைக்கூட எடுத்து ஒரே உறையில் போட்டு, அது எங்கே இருக்கிறது என்று மனைவியிடம் சொல்லி வைத்தேன்.

நிபுணரான அம்மையார் என் அறிக்கையை வாங்கி, ஒரு முறை பார்த்துவிட்டு, மேசையின்மேல் குப்புறக் கவிழ்த்து வைத்தார். பிறகு கேள்விகள் தொடங்கின. வாயில் புண் வருகிறதா, முடி கொத்தாக உதிர்கிறதா, வெயிலில் நின்றால் முகம் சிவக்கிறதா, குளிரில் விரல்கள் வெளுத்து நீலமாகின்றனவா, கண்ணும் வாயும் வறள்கின்றனவா, மூச்சை இழுத்தால் மார்பு வலிக்கிறதா என்று கால் மணி நேரம் கேட்டார். எல்லாவற்றுக்கும் இல்லை என்றேன். முடிவில், "இந்தப் பரிசோதனையை உங்களுக்கு எழுதிக் கொடுத்தது யார்?" என்றார். யாரும் எழுதவில்லை என்பதுதான் உண்மை. நலமாக இருப்பவர்களின் இரத்தத்தைப் பல ஆய்வகங்களில் சோதித்து 1997இல் வெளியிட்ட ஆய்வில், 1:40 அளவில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கும், 1:80 அளவில் நூற்றில் பதின்மூன்று பேருக்கும் இது பாசிட்டிவாக வந்திருக்கிறது. ஆகவே காகிதக் கட்டைச் சுமந்துகொண்டு போவதில் பயனில்லை என்பது என் கருத்து. அறிகுறிதான் நோய், அறிக்கை அன்று.

வடகரை:

கணக்கர் தம் ஒருவருடைய அனுபவத்தை எல்லோருக்குமான விதியாக்குவதை என்னால் ஏற்க முடியவில்லை. என் தங்கைக்கு அப்போது இருபத்து நான்கு வயது. மூட்டு வலியும் கன்னச் சிவப்பும் இருந்தன; கன்னத்துக்கு ஒரு மருத்துவர் களிம்பு கொடுத்தார், மூட்டுக்கு எலும்பு மருத்துவர் மாத்திரை கொடுத்தார். நிபுணரைப் பார்க்கப் போகும் முன்பு, வீட்டில் கிடந்த சீட்டுகள் அனைத்தையும் நான் தேதி வாரியாக அடுக்கி, மூலையில் துளையிட்டு நூலால் கட்டினேன். காய்ச்சல் வந்தபோது எடுத்த தாளெல்லாம் எதற்கு என்று அப்பா கடிந்துகொண்டார்.

மருத்துவர் அந்தக் கட்டை வேகமாகப் புரட்டிக்கொண்டே வந்து ஒரு தாளில் நின்றுவிட்டார். ஏழு மாதத்துக்கு முன்பு கல்லூரி விடுதியில் நடந்த மருத்துவ முகாமில் எடுத்த சிறுநீர்ப் பரிசோதனை அது. சிறுநீரில் இருக்கக் கூடாத புரதம் இரண்டு பிளஸ். "இதை யாருமே பார்க்கவில்லையா?" என்று கேட்டார். நாங்கள் பேசாமல் இருந்தோம். சிறுநீர் நுரைத்துப் போகிறதா என்று அவர் கேட்டபோது தங்கை தலையை ஆட்டினாள். அதுவரை வீட்டில் எவரிடமும் அவள் அதைச் சொன்னதில்லை, அதெல்லாம் சொல்ல வேண்டிய செய்தி என்றே அவளுக்குத் தெரியாது. அன்றே மறுபடி சிறுநீர் கொடுத்து, அந்த வாரமே சிறுநீரகத்திலிருந்து திசு எடுத்துப் பார்த்ததில், உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தன் உறுப்புகளைத் தாக்கும் லூபஸ் என்ற நோய் சிறுநீரகத்தைத் தொட்டிருந்தது உறுதியாயிற்று. லூபஸில் சிறுநீரகம் பழுதாகும்போது தொடக்கத்தில் வலி இருப்பதில்லை. அறிகுறியை மட்டும் நம்பியிருந்தால் இன்னும் எத்தனை மாதம் போயிருக்கும் என்று கணக்கர் யோசிக்க வேண்டும்.

ஐரோப்பிய, அமெரிக்க வாதநோய் மருத்துவர்களின் அமைப்புகள் 2019இல் சேர்ந்து வகுத்த அளவுகோலில், ஒரு முறையேனும் ஏ.என்.ஏ. 1:80 அல்லது அதற்கு மேல் இருந்தால்தான் லூபஸ் என்று கணக்கிடவே தொடங்குகிறார்கள். அது மட்டும் இருந்தால் லூபஸ் ஆகிவிடாது என்பது வேறு. எண் பயனற்றது என்பதற்கும், எண் மட்டும் போதாது என்பதற்கும் வேறுபாடு உண்டு.

கணக்கர்:

தங்கைக்கு நேர்ந்தது வருத்தம் தருகிறது. சிறுநீர் அறிக்கையைத் தூக்கி எறியும்படி நான் எங்கும் எழுதவில்லை. யாரும் கேட்காமல் திட்டத்தோடு வந்து சேரும் பரிசோதனையைப் பற்றித்தான் எழுதினேன்.

பழைய மருந்தாளுநர்:

முப்பத்தோரு ஆண்டு மருந்துக்கடை நடத்தியவன் நான். என் தாயாருக்கு மூட்டுவலிக்கென்று ஒருவர் பொட்டலத்தில் கொடுத்த பொடி அதிசயமாக வேலை செய்தது. ஆறு மாதத்தில் முகம் உருண்டு, சர்க்கரை ஏறி, தோல் காகிதம்போல் மெலிந்தது. பொடியில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது என்று நிபுணர் முகத்தைப் பார்த்த உடனே சொன்னார். கடைக்காரனான எனக்கு, சொந்த வீட்டில் இருந்துகொண்டு, அது தெரியவில்லை.

தாமரைக்குளம் அம்மாவுக்கும், இனிப் போக இருப்பவர்களுக்கும் சில சொல்லிவிடுகிறேன். ஊசி, மாத்திரை, பொடி, லேகியம், எண்ணெய் எதுவானாலும் பெயர் தெரியாவிட்டால் அட்டையையோ பொட்டலத்தையோ அப்படியே பையில் போட்டுக்கொண்டு போங்கள். மருத்துவர் கோபித்துக்கொள்வார் என்று மறைக்காதீர்கள். அதே சமயம், வாரக்கணக்கில் ஸ்டீராய்டு உட்கொண்டுவருபவர்கள் நிபுணரைப் பார்க்கப் போகிறோம் என்று தாமாகவே ஒரே நாளில் நிறுத்திவிடக் கூடாது. உடம்பு தானாகச் சுரக்க வேண்டியதைச் சுரக்க மறந்திருக்கும். இரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

காலை விறைப்பைப் பற்றி அவர் கட்டாயம் கேட்பார். "ரொம்ப நேரம்" என்று சொல்லாதீர்கள். எழுந்தது எத்தனை மணி, விரல் மடங்கியது எத்தனை மணி என்று ஒரு வாரம் நாட்காட்டியில் குறித்து வையுங்கள். தேய்மானத்தில் வரும் விறைப்பு பெரும்பாலும் அரை மணிக்குள் விலகிவிடும். முடக்கு வாதத்தில் ஒரு மணி நேரத்தையும் தாண்டும். எந்தெந்த மூட்டு, இரண்டு பக்கமும் ஒன்றுபோலவா, விரல் நுனி மூட்டா அல்லது நடு மூட்டா என்பதையும் கவனியுங்கள். கடந்த ஓராண்டில் காய்ச்சலோடு மூட்டு வலி வந்திருந்தால் அந்த மாதத்தைச் சொல்லுங்கள். 2006இல் சிக்குன்குனியா தமிழ்நாட்டைப் புரட்டியெடுத்தபோது என் கடைக்கு வந்தவர்களில் பலர், காய்ச்சல் போய் மாதக்கணக்கான பிறகும் கைப்பிடியைப் பற்றித்தான் படி ஏறினார்கள்; பார்வைக்கு அது முடக்கு வாதம் போலவே இருந்தது. முடக்கு வாதத்துக்காக எடுக்கும் ஆர்.ஏ. ஃபாக்டர் என்ற இரத்தப் பரிசோதனை காசநோயிலும், சிலவகை மஞ்சள் காமாலையிலும், வெறும் முதுமையிலும்கூடப் பாசிட்டிவாகலாம், அதே நோய்க்கு எடுக்கும் ஆன்டி சி.சி.பி. அவ்வளவு எளிதில் ஏமாற்றாது. உடம்பில் அழற்சி உண்டா என்று காட்டும் ஈ.எஸ்.ஆர். வயது ஏற ஏறத் தானே உயரும், இரத்தசோகையிலும் உயரும்.

முடக்கு வாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் என்ற மருந்தை எழுதிக் கொடுத்தால் அது வாரத்துக்கு ஒரே நாள் என்பதைச் சீட்டிலேயே கிழமையோடு எழுதி வாங்குங்கள். தினமும் விழுங்கி, வாயெல்லாம் புண்ணாகி, இரத்த அணுக்கள் சரிந்து வந்து நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன். லூபஸுக்கும் முடக்கு வாதத்துக்கும் கொடுக்கும் ஹைட்ராக்சிகுளோரோகுயின் மாத்திரையைத் தொடங்கினால் விழித்திரையை முதலாண்டுக்குள் ஒரு முறை பார்த்துவிட வேண்டும். குழந்தைக்குத் திட்டமிடுபவர்கள் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனெனில் மருந்தே மாறும். கேட்காமல் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம்; கடையில் நின்ற பழக்கம்.

பெயர் வேண்டாம்:

எல்லோரும் எதை எடுத்துச் செல்வது என்று எழுதுகிறீர்கள். யாரை அழைத்துச் செல்வது என்பதைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை.

மூட்டு வலிக்காகவும், இரத்தத்தில் தட்டணுக்கள் குறைந்துகொண்டே வந்ததற்காகவும் என்னை நிபுணரிடம் அனுப்பினார்கள். கணவர் வெளியூரில் இருந்ததால் அத்தை உடன் வந்தார். அவர் கெட்டவர் அல்லர். கோப்பைச் சுமந்ததும், வரிசையில் எனக்காகச் சண்டையிட்டு இடம் பிடித்ததும் அவர்தாம். மருத்துவர் எழுதிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல், "கர்ப்பம் கலைந்ததுண்டா?" என்று கேட்டார். அத்தைக்கு ஒன்று தெரியும். மற்ற இரண்டும் எனக்கும் என் கணவருக்கும் மட்டுமே தெரியும். "ஒன்று" என்றேன். அவர் அதை எழுதிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

வெளியே வந்து மருந்தகத்தின் பக்கம் நடந்தோம். எனக்குக் கால்கள் நகரவில்லை. தண்ணீர் பாட்டிலை உள்ளே மறந்து வைத்துவிட்டேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பி ஓடினேன். அடுத்த நோயாளி உள்ளே அமர்ந்திருந்தார். வாசலில் நின்றபடியே, "டாக்டர், ஒன்று இல்லை, மூன்று" என்றேன். அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். எதுவும் கேட்கவில்லை. என் சீட்டைக் கேட்டு வாங்கி, அந்த எண்ணை அடித்துத் திருத்தி, கீழே மூன்று பரிசோதனைகளைச் சேர்த்து எழுதினார். மூன்றாவது எந்த வாரத்தில் என்று மட்டும் மெல்லக் கேட்டார், பதினெட்டு என்றேன்.

இரத்தம் உறைவதற்குத் துணைபோகும் எதிர்ப்பொருள்கள் என் உடம்பில் இருப்பது அந்த மூன்று பரிசோதனைகளில்தான் தெரிந்தது. பன்னிரண்டு வாரம் கழித்து மறுபடி எடுத்தும் அவை இருந்ததால் ஆன்டிஃபாஸ்ஃபோலிப்பிட் நோய் என்று உறுதி செய்தார்கள். அடுத்த முறை கருவுறும்போது ஆஸ்பிரினும் ஹெப்பாரின் ஊசியும் கொடுத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்றும் சொல்லியிருக்கிறார்கள். இப்போது எல்லாம் அத்தைக்குத் தெரியும். ஆனால் அன்று நான் திரும்பி வந்தபோது அவர் என் கைகளைப் பார்த்து, "பாட்டில் எங்கே?" என்று கேட்டார். வீட்டிலிருந்து நாங்கள் பாட்டிலே எடுத்து வரவில்லை என்பது அவருக்கும் தெரிந்திருக்கும் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அதன்பின் அவர் அதைப் பற்றிக் கேட்கவே இல்லை.

தாமரைக்குளம்:

எல்லோருக்கும் நன்றி. வரும் வியாழக்கிழமை மறுபடி போகிறேன். மருந்தாளுநர் ஐயா சொன்னபடி நாட்காட்டியில் குறித்து வருகிறேன். இந்த வாரத்தில் குறைந்தது ஒரு மணி பத்து நிமிடம், அதிகம் இரண்டேகால் மணி நேரம். சிக்குன்குனியா எனக்கு வந்ததில்லை. வடகரை எழுதியதைப் படித்தபின் சென்ற ஆண்டுச் சீட்டுகளையும் தேடி எடுத்தேன்.

ஊசியின் பெயரைக் கேட்க அந்தக் கிளினிக்குக்கும் போனேன். "வலி ஊசிதான்மா" என்று கம்பவுண்டர் சொன்னார். எழுதிக் கேட்டதற்கு, பணம் கட்டிய சீட்டின் பின்பக்கத்தில் தேதியை மட்டும் எழுதிக் கொடுத்தார். அதையும் கோப்பில் வைத்திருக்கிறேன்.

நேற்று விடியற்காலை ஐந்தரை மணிக்கு என் கணவரை எழுப்பிக் கைகளைப் படமெடுக்கச் சொன்னேன். அடுக்களை விளக்கின் கீழ் இரண்டு கைகளையும் மேடைமேல் வைத்தேன். முதல் படத்தில் அவர் கை நடுங்கிவிட்டது. இரண்டாவது முறை எடுத்தார். பிறகு கைப்பேசியை வைத்துவிட்டு, பால் பாத்திரத்தின் மூடியைத் தாமே திறந்து காப்பி போட்டார். படத்தில் தேதியும் நேரமும் விழுந்திருக்கின்றனவா என்று இரண்டு முறை பார்த்துக்கொண்டேன்.