முதல் மாத மாத்திரையோடு நின்றுபோனவர்

கேள்வி (ஆலோசகர்):
கர்ப்பிணிகளுக்கான எச்.ஐ.வி. பரிசோதனைப் பிரிவில் ஒன்பது ஆண்டுகளாக இருக்கிறேன். நான்காவது மாதத்தில் வந்த ஒரு பெண்ணுக்குத் தொற்று உறுதியானது. ஒரு மணி நேரம் பேசினேன். எந்தச் சிகிச்சையும் இல்லாவிட்டால் நூறு குழந்தைகளில் 15 முதல் 45 பேருக்குத் தொற்றலாம், எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் ஏ.ஆர்.டி. மாத்திரையைத் தவறாமல் எடுத்தால் அது 5-க்கும் கீழே போய்விடும் என்று விளக்கினேன். "என் பிள்ளைக்கு வராதுதானே?" என்று மூன்று முறை கேட்டார். முதல் மாத மாத்திரையை வாங்கிச் சென்றவர் பிறகு வரவேயில்லை. தந்த தொலைபேசி எண் கணவருடையது. அழைத்து என்னவென்று சொல்வது? மருந்துக்குக் காசும் வாங்குவதில்லை. விவரம் தெரியாமல் நின்றுவிட்டார் என்று என்னால் நம்ப முடியவில்லை. எதுதான் தடுக்கிறது?

பதில் (ஒரு தாய்):
சகோதரி, அவர் இருந்த இடத்தில் நான் இருந்திருக்கிறேன். என் மகளுக்கு இப்போது ஏழு வயது, தொற்று இல்லை. என்னைத் தடுத்தது மாத்திரை டப்பாவின் சத்தம். கையில் எடுத்தாலே கலகலக்கும். ஒரே அறையில் ஐந்து பேர் படுக்கும் வீட்டில் அதை எங்கே வைப்பது? டப்பாவுக்குள் பஞ்சைத் திணித்து வைத்தேன். எல்லாரும் தூங்கிய பிறகு பஞ்சை எடுத்து, ஒரு மாத்திரையை உள்ளங்கையில் தட்டிக்கொண்டு, மறுபடி திணிப்பேன். ஒன்பது மணி மாத்திரை சில நாள் நள்ளிரவைத் தாண்டிவிடும். இரண்டு நாள் விட்டும் போயிருக்கிறது. நீங்கள் சொன்ன சதவீதமெல்லாம் எனக்கு மனப்பாடம். மாமியார் டப்பாவைப் பார்த்துவிட்டால் என்ன சொல்வது என்பதைத்தான் யாரும் சொல்லித் தரவில்லை.

பரிசோதனை முடிவு சொன்ன அன்றே, "வாழ்நாள் முழுவதும்" என்று மாத்திரையைக் கையில் கொடுத்தார்கள். கேட்டதே நெஞ்சில் இறங்கவில்லை. அதோடு நான் போன மையத்தில் எங்களுக்கென்று தனி பெஞ்சு. அங்கே தெரிந்த முகம் ஒன்றைக் கண்டு வாசலோடு திரும்பியிருக்கிறேன். பரிசோதனை முதலில் எனக்கு நடந்ததால், நோயைக் கொண்டுவந்தவள் நான்தான் என்று வீட்டில் முடிவுகட்டிவிடுவார்களே என்று நடுங்கினேன்.

பதில் (பிரசவ வார்டு செவிலியர்):
பிரசவம் வரை ஒழுங்காக வந்தவர்களும் அதன்பிறகு நழுவிப்போகிறார்கள். தொற்று வராமல் தடுக்க, குழந்தைக்குக் குறைந்தது ஆறு வாரம் நெவிரபின் மருந்து தர வேண்டும். "நன்றாக இருக்கிற குழந்தைக்கு எதற்கு மருந்து?" என்று பாட்டி கேட்டதும் பாட்டில் அலமாரிக்குள் போய்விடுகிறது. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் என்று சொல்லியனுப்பினால், பெரியவர்கள் தண்ணீரும் வேறு பாலும் புகட்டுவார்கள். அப்படிக் கலந்து கொடுப்பதில்தான் ஆபத்து கூடுகிறது. எச்.ஐ.வி.க்கு எதிராகத் தாயின் உடலில் உருவான எதிர்ப்பான்கள் குழந்தையின் ரத்தத்தில் 18 மாதம் வரை தங்கி, தொற்று இல்லாத குழந்தைக்கும் இருப்பதுபோல் காட்டக்கூடும் என்பதால் கடைசிப் பரிசோதனை அப்போதுதான். அதற்குள் தொடர்பு விட்டுப்போகிறது.

எங்கள் தரப்பிலும் குற்றம் உண்டு. கேஸ் தாளின் தலைப்பில் சிவப்பு மையில் "எச்.ஐ.வி." என்று எழுதி, கட்டிலில் மாட்டி வைத்ததைப் பார்த்திருக்கிறேன். நோயாளியைப் பார்க்க வருகிறவர்களெல்லாம் அதைப் படித்தார்கள்.

பதில் (ஆதரவுக் குழுவிலிருந்து):
கணவரையும் பரிசோதனைக்கு அழையுங்கள். ஆனால் அந்தப் பெண்ணைக் கேட்காமல் வேண்டாம். விஷயம் தெரிந்த இரவே அடித்துத் துரத்தப்பட்டவர்களோடு நான் பேசியிருக்கிறேன்.

ஆலோசகர்:
ஒன்பது ஆண்டுகளில் ஒருவரிடமும், "மாத்திரையை வீட்டில் எங்கே வைப்பீர்கள்?" என்று நான் கேட்டதில்லை. நாளையிலிருந்து அதையும், எந்த எண்ணில், எந்த நேரத்தில் அழைக்கலாம் என்பதையும் முதலில் கேட்பேன். அந்தப் பெண்ணுக்கு இப்போது ஏழாவது மாதம் இருக்கும். இனி வந்தாலும் பயனுண்டா?

செவிலியர்:
நிச்சயமாக உண்டு. டோலுடெகிராவிர் என்ற மருந்து சேர்ந்த ஏ.ஆர்.டி. மாத்திரை வைரஸ் அளவை வேகமாகக் குறைக்கும். பிரசவ வலியோடு வந்தால்கூட அப்போதே தொடங்குவோம், குழந்தைக்கும் உடனே மருந்து தருவோம். எப்படியாவது அவரைத் தேடிப் பாருங்கள்.