வீடு வாங்கும் முன் கவுண்டி கவுன்சிலின் கடிதத்தைப் படியுங்கள்

லண்டனில் சில ஆண்டுகள் வாடகைக்கு இருந்துவிட்டு, பிள்ளைகளின் பள்ளிக்காகவும் கொஞ்சம் தோட்டத்துக்காகவும் சர்ரே, கென்ட், ஹார்ட்ஃபோர்ட்ஷயர் பக்கம் வீடு தேடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். வீட்டுக்கடன் வட்டியைப் பற்றியும் ஸ்டாம்ப் டியூட்டியைப் பற்றியும் நாம் மணிக்கணக்கில் பேசுகிறோம். எதிரே இருக்கும் வயலில் நாளைக்கு என்ன வரப்போகிறது என்று கேட்பவர்கள் குறைவு. கேட்பவர்களும் பெரும்பாலும் தவறான வாசலில் நின்று கேட்கிறார்கள்.

லண்டனுக்குள் ஹாரோவோ, குரோய்டனோ, நியூஹாமோ, உங்களுக்கு ஒரே ஒரு பரோ கவுன்சில்தான். குப்பை, பள்ளி, கட்டட அனுமதி, தெருச்சாலை எல்லாம் அதன் கையில். லண்டன் எல்லையைத் தாண்டியதும் பல ஊர்களில் இரண்டு கவுன்சில்கள் வந்துவிடும்: உங்கள் பகுதிக்கு ஒரு பரோ அல்லது டிஸ்ட்ரிக்ட் கவுன்சில் (இரண்டையும் இனி பரோ என்றே சொல்கிறேன்), அப்படிப் பல பகுதிகள் சேர்ந்த சர்ரே, கென்ட் போன்ற வட்டாரம் முழுவதற்கும் ஒரு கவுண்டி கவுன்சில். கவுன்சில் டாக்ஸ் பில்லை எடுத்துப் பாருங்கள். மேலே இருப்பது பரோ அல்லது டிஸ்ட்ரிக்ட் கவுன்சிலின் பெயர். பணத்தை வசூலிப்பதும் அதுதான். ஆனால் உள்ளே கணக்கைப் பிரித்துப் போட்டிருக்கும் இடத்தில், மிகப் பெரிய தொகை கவுண்டி கவுன்சிலுக்குப் போவது தெரியும். பிறகு போலீசுக்கு ஒரு பங்கு, மிச்சம் பரோவுக்கு. சில இடங்களில் கிராம அளவிலான பாரிஷ் கவுன்சிலுக்கும் கொஞ்சம்.

வீடு கட்ட அனுமதி தருவதும் மறுப்பதும் பரோ. அந்த வீடுகளுக்கு வேண்டிய சாலை, பள்ளி, நூலகம், முதியோர் பராமரிப்பு, மழைநீர் மேற்பார்வை எல்லாம் கவுண்டி. அதாவது முடிவெடுப்பவர் ஒருவர், அதன் சுமையைத் தாங்குபவர் இன்னொருவர். அதனால்தான் பெரிய குடியிருப்புத் திட்டம் எது வந்தாலும் பரோ, கவுண்டியிடம் எழுத்தில் கருத்துக் கேட்கிறது. கவுண்டி எழுதும் அந்தப் பதில்தான் புதிதாக ஒரு ஊருக்குப் போகிறவருக்குக் கிடைக்கும் மிக உபயோகமான காகிதம் என்பது என் கருத்து. கட்டுமான நிறுவனத்தின் வண்ணக் கையேட்டில் பலூன் பிடித்த குழந்தைகள் இருப்பார்கள். கவுண்டியின் கடிதத்தில் படம் எதுவும் இருக்காது. ஊரில் எது போதாது என்பது மட்டும் இருக்கும்.

அது யாரும் ஒளித்து வைக்கும் ஆவணமும் அல்ல. பரோ கவுன்சிலின் இணையதளத்தில் திட்ட விண்ணப்பங்கள் பகுதிக்குப் போய், தெருப் பெயரையோ அஞ்சல் குறியீட்டையோ கொடுத்தால் விண்ணப்பம் வரும். ஆவணங்கள் பட்டியலில் வரைபடங்களுக்கு நடுவே கவுண்டியின் பதில்களும் கிடக்கும். ஒன்றல்ல; சாலைப் பிரிவு தனியாக, கல்விப் பிரிவு தனியாக, மழைநீர்ப் பிரிவு தனியாக எழுதியிருக்கும்.

முதலில் சாலைப் பிரிவின் கடிதம். பெரும்பாலும் 'நிபந்தனைகளுக்கு உட்பட்டு ஆட்சேபம் இல்லை' என்று தொடங்கும். இதைப் பார்த்ததும் சாலையில் பிரச்சினையே இல்லை என்று எண்ணிவிடாதீர்கள். நாட்டின் திட்டக் கொள்கைப்படி, சாலையைக் காரணம் காட்டி ஒரு திட்டத்தை மறுக்க வேண்டுமானால், பாதுகாப்புக்கு ஏற்க முடியாத பாதிப்பு இருக்க வேண்டும். அல்லது பரிகாரங்கள் எல்லாம் செய்த பிறகும் போக்குவரத்தின் மீது விழும் மொத்தச் சுமை 'கடுமையானது' என்று நிறுவ வேண்டும். காலை எட்டரை மணிக்கு ரவுண்டபவுட்டில் பத்து நிமிடம் நிற்பதெல்லாம் அந்த அளவுகோலில் கடுமை ஆகாது. ஆகவே முதல் வரியைத் தாண்டி நிபந்தனைகளுக்குப் போங்கள். அங்கேதான் விஷயம். 30 மைல் வேகச் சாலையில் புதிய வாசல் திறந்தால், சாலை ஓரத்திலிருந்து 2.4 மீட்டர் உள்ளே நிற்கும் ஓட்டுநருக்கு இருபுறமும் 43 மீட்டர் தூரம் மறைப்பின்றித் தெரிய வேண்டும் என்று எழுதியிருக்கும். அப்படியானால் அந்த அழகான வேலிச்செடி வெட்டப்படப் போகிறது. பஸ் நிறுத்தத்துக்கு நடைபாதை போட வேண்டும் என்று கேட்டிருந்தால், இப்போது நடைபாதை இல்லை என்று பொருள். தள்ளுவண்டியில் குழந்தையை வைத்துக்கொண்டு பஸ் பிடிக்க நினைப்பவர்களுக்கு இதைவிட நேர்மையான விளம்பரம் கிடைக்காது.

கல்விப் பிரிவின் கடிதம் இன்னும் சுவையானது. இத்தனை வீடுகள் வந்தால் தொடக்கப்பள்ளிக்கு இத்தனை பிள்ளைகள், மேல்நிலைக்கு இத்தனை என்று கணக்குப் போட்டு, இடம் போதாவிட்டால் கட்டுபவரிடம் பணம் கேட்கும். 1990ஆம் ஆண்டுத் திட்டமிடல் சட்டத்தின் 106ஆம் பிரிவின் கீழ் போடப்படும் ஒப்பந்தம் வழியாக அந்தப் பணம் வரும். திட்டம் மிகப் பெரியதானால் பள்ளிக்கு நிலமே கேட்பார்கள். ஆண்டுக்கு 60 பிள்ளைகளைச் சேர்க்கும் ஒரு தொடக்கப்பள்ளி என்றால் மொத்தம் 420 இடங்கள். கவனிக்க வேண்டியது, அந்தப் பணம் எப்போது கைக்கு வரும் என்பதை. பெரும்பாலும் இத்தனையாவது வீட்டில் ஆள் குடியேறும் முன் இவ்வளவு பங்கு என்று தவணை வைத்திருப்பார்கள். முதலில் குடியேறும் குடும்பங்களின் பிள்ளைகள் இருக்கிற பள்ளிகளில்தான் போட்டி போட வேண்டும். விற்பனைக்காரர் 'பள்ளி வருகிறது' என்று சொன்னால், எந்தத் தவணையில் என்று கேளுங்கள். மாறாக, கல்விப் பிரிவு பணமே கேட்கவில்லை என்றால், பக்கத்துப் பள்ளிகளில் இடம் இருக்கிறது என்று கவுண்டி நினைப்பதாக எடுத்துக்கொள்ளலாம், பெரும்பாலும். இதோடு ஒன்று: பள்ளிச் சேர்க்கை விண்ணப்பமும் கவுண்டியிடம்தான். மேல்நிலைக்கு அக்டோபர் 31, தொடக்கப்பள்ளிக்கு ஜனவரி 15 கடைசி நாள். பரோ அலுவலகத்தில் போய் நிற்காதீர்கள்.

மழைநீர். 2010ஆம் ஆண்டின் வெள்ள மேலாண்மைச் சட்டத்துக்குப் பிறகு கவுண்டிக்கு இந்தப் பொறுப்பு வந்தது. 2015 ஏப்ரலிலிருந்து 10 அல்லது அதற்கு மேற்பட்ட வீடுகள் கொண்ட திட்டங்களில் அதைக் கட்டாயம் கலந்தாலோசிக்க வேண்டும். நூறாண்டுக்கு ஒருமுறை வரக்கூடிய பெருமழை, அதற்கு மேல் காலநிலை மாற்றத்துக்கென்று ஒரு கூடுதல், இவ்வளவும் பெய்தால் தண்ணீர் எங்கே நிற்கும் என்று அந்தக் கடிதம் கேட்கும். 2015 டிசம்பரில் சென்னையில் இருந்தவர்களுக்கு இந்தக் கேள்வியின் அருமையை விளக்க வேண்டியதில்லை. புதுக் குடியிருப்பின் ஓரத்தில் குளம் போல ஒன்று இருந்தால் அது அழகுக்கு அல்ல, இந்தக் கேள்விக்கான பதில். அதைத் தூர்வாரும் செலவு பெரும்பாலும் பராமரிப்புக் கட்டணமாக வீட்டுக்காரர்களிடமே வரும். உள்சாலைகளும் அப்படித்தான், கட்டுபவர் நெடுஞ்சாலைச் சட்டத்தின் 38ஆம் பிரிவின் கீழ் ஒப்பந்தம் போட்டுக் கவுண்டியிடம் ஒப்படைக்காவிட்டால், சாலைக் குழிக்கும் தெருவிளக்குக்கும் நீங்கள்தான் பணம் கட்ட வேண்டும், கவுன்சில் டாக்ஸுக்கு மேலாக.

இதுவரை சொன்னது ஒற்றை விண்ணப்பங்களைப் பற்றி. அதற்கும் மேலே ஒரு படி இருக்கிறது: அடுத்த பதினைந்து ஆண்டுகளில் எந்த வயலில் எத்தனை வீடு என்று பரோ முன்கூட்டியே வகுக்கும் உள்ளூர்த் திட்டம். அதன் வரைவு இருமுறை மக்கள் கருத்துக்கு வரும். இரண்டாவது முறை குறைந்தது ஆறு வாரம் திறந்திருக்கும். பிறகு அரசு நியமிக்கும் ஆய்வாளர் ஒருவர் பகிரங்கமாக விசாரிப்பார். கவுண்டியும் ஒவ்வொரு சுற்றிலும் நீண்ட கடிதம் எழுதும். இந்தக் கட்டத்தில் வரும் கடிதம்தான் உண்மையான எச்சரிக்கை. தனி விண்ணப்பம் வரும்போது எல்லாம் ஏறக்குறைய முடிந்துபோயிருக்கும்.

சர்ரேயின் டான்ட்ரிட்ஜ் டிஸ்ட்ரிக்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் நிலப்பரப்பில் சுமார் 94 விழுக்காடு கிரீன் பெல்ட், அதாவது ஊர் பரவாமல் இருக்கக் கட்டடங்களுக்குக் கடும் கட்டுப்பாடு உள்ள நிலம். வீடு கட்ட இடம் தேடி, சவுத் காட்ஸ்டோனில் 4,000 வீடுகள் கொண்ட ஒரு தோட்டக் குடியிருப்பை ('கார்டன் கம்யூனிட்டி' என்ற புதுக் குடியிருப்பை)த் தன் திட்டத்தின் நடுவே வைத்தது. 2019 ஜனவரியில் ஆய்வாளரிடம் அனுப்பியது. சிக்கியது சாலையில். அருகிலுள்ள எம் 25 நெடுஞ்சாலையின் 6ஆம் சந்திப்பு அந்தப் போக்குவரத்தைத் தாங்குமா, அதைச் சீரமைக்கப் பணம் எங்கிருந்து வரும் என்ற கேள்விக்குத் திருப்தியான பதில் இல்லை. எம் 25 நாட்டின் பெருஞ்சாலைகளைப் பார்த்துக்கொள்ளும் நேஷனல் ஹைவேஸ் நிறுவனத்தின் பொறுப்பு. அதில் போய்ச் சேரும் ஏ 22 கவுண்டியின் பொறுப்பு. வீடுகளைத் திட்டமிடுவது டிஸ்ட்ரிக்ட். ஐந்து ஆண்டுகள் இழுத்து, 2024இல் திட்டம் தேறாது என்று ஆய்வாளர் சொல்லிவிட்டார். எதிர்த்தவர்கள் மகிழ்ந்தார்கள். ஆனால் நடப்பில் செல்லுபடியாகும் திட்டம் இல்லாத பகுதியில், தேசியக் கொள்கை கட்டுபவர் பக்கம் சாய்கிறது. எங்கேயோ ஒரு வயலில் எதிர்பாராத விண்ணப்பம் வந்து, மேல்முறையீட்டில் ஜெயிக்கவும் கூடும். திட்டம் தோற்ற ஊரில் வீடு வாங்குவது பாதுகாப்பு என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

இனி, வந்த கேள்விகளுக்கு.

"அண்ணா, நான் வேலை விசாவில் இருக்கிறேன், வாடகை வீடு. நான் ஆட்சேபம் எழுதினால் எடுத்துக்கொள்வார்களா?" தாராளமாக, தம்பி. குடியுரிமையோ சொந்த வீடோ தேவையில்லை. விளக்குக் கம்பத்தில் அறிவிப்பு ஒட்டியதிலிருந்து பொதுவாக 21 நாள் அவகாசம். உங்கள் பெயரும் முகவரியும் இணையதளத்தில் வெளியாகும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். வீட்டின் விலை குறையும், காட்சி மறையும் என்று எழுதினால் சட்டப்படி அதற்கு எடை கிடையாது. போக்குவரத்து, வெள்ளம், வெளிச்சம், அண்டை வீட்டின் அந்தரங்கம் ஆகியவற்றுக்கு எடை உண்டு. கவுண்டியின் கடிதத்தில் ஒரு குறை சுட்டப்பட்டிருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு எழுதுங்கள். 'போக்குவரத்து அதிகம்' என்று நூறு பேர் எழுதுவதைவிட அது நிற்கும். இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் காமன்வெல்த் குடிமக்கள். முறையான விசாவில் இங்கே வசித்தால் வாக்காளர் பட்டியலிலும் சேரலாம். கவுண்டி கவுன்சிலரையும் பரோ கவுன்சிலரையும் தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. வாக்குக் கேட்டு வருகிறவரிடம் அந்த வயலைப் பற்றிக் கேளுங்கள்.

"ஒரு பழைய கிடங்கை எடுத்து முருகன் கோயிலும் ஞாயிறு தமிழ்ப் பள்ளியும் நடத்தலாம் என்று நண்பர்கள் சேர்ந்து பேசுகிறோம், அக்காவும் அண்ணாக்களும் வழி சொல்லுங்கள்." குத்தகையில் கையெழுத்துப் போடும் முன் நில்லுங்கள். கிடங்கை வழிபாட்டு இடமாக மாற்றப் பரோவின் அனுமதி வேண்டும். பரோ கேட்பது கவுண்டியின் சாலைப் பிரிவை. அவர்களுக்கு மூலவர் யார் என்பதில் அக்கறை இல்லை. தைப்பூசத்தன்று எத்தனை கார் வரும், எங்கே நிற்கும் என்பதில்தான் அக்கறை. 'சாதாரண நாளில் முப்பது பேர்' என்று எழுதிவிட்டுத் திருவிழாவை மறைத்தால், அடுத்த ஆண்டே புகார் வரும். மிக அதிகக் கூட்டம் வரும் நாளின் கணக்கை நீங்களே கொடுங்கள். பக்கத்து அலுவலகத்தின் வாகன நிறுத்துமிடத்தை வார இறுதியில் பயன்படுத்த எழுத்தில் ஒப்புதல் வாங்கி இணையுங்கள். இரு கவுன்சில்களிலும் கட்டணம் கட்டி முன்கூட்டியே ஆலோசனை பெறும் வசதி இருந்தால், அந்தச் செலவுக்குத் தயங்க வேண்டாம்.

"முன்தோட்டத்தை எடுத்துவிட்டுக் கார் நிறுத்தலாமா?" இதிலும் இரண்டு வாசல். நடைபாதைக் கரையைத் தாழ்த்தக் கவுண்டியின் அனுமதி வேண்டும். சாலை முக்கியமானதாக இருந்தால் பரோவிடமும் விண்ணப்பிக்க வேண்டும். தண்ணீர் புகாத தளத்தை ஐந்து சதுர மீட்டருக்கு மேல் போட்டு, நீரைத் தெருவில் விட்டால் அதற்குத் தனி அனுமதி.

"சர்ரேயில் கவுண்டியே இல்லாமல் போகிறதாமே?" ஆம். 2027 ஏப்ரலில் கவுண்டியும் அதன் கீழிருக்கும் பதினொரு பரோ, டிஸ்ட்ரிக்ட் கவுன்சில்களும் போய், கிழக்கு சர்ரே, மேற்கு சர்ரே என்று இரண்டே கவுன்சில்கள் வருகின்றன. பக்கிங்ஹாம்ஷயர் 2020இலேயே ஒற்றைக் கவுன்சிலாகிவிட்டது. ஸ்லவ், ரெடிங், மில்டன் கீன்ஸ் முன்பிருந்தே அப்படி. அங்கெல்லாம் சாலைப் பிரிவும் அனுமதிப் பிரிவும் ஒரே கூரையின் கீழ் இருந்தாலும், சாலைப் பிரிவின் கருத்து தனி ஆவணமாக வெளியாகும், தேடுங்கள்.

"வீடு வாங்கும்போது வழக்கறிஞர் கவுன்சிலிடம் செய்யும் தேடலில் இதெல்லாம் வந்துவிடாதா?" வராது, தங்கை. வழக்கமான தேடல் நீங்கள் வாங்கும் சொத்தைப் பற்றியது. சாலை பொதுச் சாலையா, 200 மீட்டருக்குள் புதிய சாலைத் திட்டம் உண்டா என்பதெல்லாம் வரும். எதிர் வயலுக்கு யாராவது விண்ணப்பித்திருக்கிறார்களா என்பது வராது. அதற்குத் தனியாகப் பணம் கட்டிக் கேட்க வேண்டும், அல்லது பரோவின் வரைபடத்தில் நீங்களே பார்க்க வேண்டும். கூடவே உள்ளூர்த் திட்டத்தின் வரைவு வரைபடத்தையும் திறந்து, அந்த வயலுக்கு ஏதாவது எண் கொடுத்திருக்கிறார்களா என்று பாருங்கள். எண் இருந்தால், அதே எண்ணைக் கவுண்டியின் கடிதத்தில் தேடுங்கள்.