புதுப்பிப்பு: அக்கா மகனுக்குப் புரோட்டான் சிகிச்சை பொருந்துமா?

பதினொரு வயதான என் அக்கா மகனுக்குச் சிறுமூளையில் இருந்த மெடுல்லோபிளாஸ்டோமா என்ற புற்றுநோய்க் கட்டியை அறுவை செய்து அகற்றிய பின், அவன் எக்ஸ் கதிருக்குப் பதிலாகப் புரோட்டான் துகள்களைச் செலுத்தும் புரோட்டான் கதிர்வீச்சுக்குத் தகுதியானவனா என்று சென்ற மாதம் கேட்டிருந்தேன். தகுதி உண்டு என்று மருத்துவக் குழு கூறிவிட்டது.

முதுகுத்தண்டு எம்ஆர்ஐயிலும் தண்டுவட நீரிலும் பரவல் இல்லை என்பதும், எஞ்சிய கட்டி 1.5 சதுர செ.மீ.க்கும் குறைவு என்பதும் நோயை முழுமையாகக் குணப்படுத்தும் நோக்கிலேயே சிகிச்சை தரலாம் என்பதை உறுதிசெய்தன; ஆனால் புரோட்டானைத் தேர்ந்தெடுக்கக் காரணம் வேறு. மூளையுடன் முதுகுத்தண்டு முழுவதற்கும் கதிர் தர வேண்டியிருப்பதால், எக்ஸ் கதிர் என்றால் அது உடலை ஊடுருவி இதயம், தைராய்டு, குடல் வழியாக வெளியேறும். புரோட்டானோ குறித்த ஆழத்தில் ஆற்றலை இறக்கிவிட்டு அங்கேயே நின்றுவிடும். இரண்டு சிகிச்சைத் திட்டங்களிலும் கதிர் எங்கெங்கே படும் என்பதை நிறத்தால் காட்டும் படங்களை மருத்துவர் திரையில் அருகருகே காட்டியபோது, ஒன்றில் நெஞ்சுப் பகுதி நிறமேறியும் மற்றதில் வெறுமையாகவும் இருந்ததைக் கண்ட அக்கா அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. கட்டியைக் குணப்படுத்துவதில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றே என்பதையும், பின்விளைவுகளில்தான் வேறுபாடு என்பதையும் மருத்துவர் மறைக்கவில்லை.

தரமணியில் 2019 முதல் இவ்வசதி இருப்பதால் சென்னையிலேயே தொடங்குகிறோம். இடம் கிடைக்கத் தாமதமாகியிருந்தால் காத்திராமல் எக்ஸ் கதிரையே ஏற்றிருப்போம். சிகிச்சையின்போது தலை அசையாமல் பிடித்துவைக்கும் முகமூடிக்கு நேற்று அளவெடுத்தார்கள். வெந்நீரில் இளகிய வலையை முகத்தில் படியவைத்தபோது அவன் அசையவே இல்லை.