ஃப்ளெமிங்கோடு பாண்டும் போயிருக்க வேண்டுமா?

பழம்புத்தகம்:
ஆண்டனி ஹோரோவிட்ஸ் எழுதிய மூன்று ஜேம்ஸ் பாண்ட் நாவல்களையும் இந்த மாதம் படித்து முடித்தேன். நேர்த்தியான எழுத்துதான். ஆனாலும் பாண்டைப் படைத்த இயான் ஃப்ளெமிங் 1964 ஆகஸ்டில் இறந்தபோதே இந்தத் தொடரை நிறுத்தியிருக்க வேண்டும் என்றுதான் தோன்றுகிறது.

'ஃப்ரம் ரஷ்யா வித் லவ்' நாவலை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பத்து அத்தியாயங்களில் பாண்ட் நேரில் வரவே மாட்டான். அவனைக் கொல்ல மாஸ்கோவில் திட்டம் போடுவார்கள். பதினோராம் அத்தியாயத்தில்தான் வருகிறான், வேலை இல்லாமல் சலித்துப்போய். அங்கே அவனுடைய காலை உணவு வரும். முட்டை மூன்று நிமிடம் இருபது நொடி வெந்திருக்க வேண்டும். அது பொன் வளையம் போட்ட அடர்நீலக் கிண்ணத்தில் வர வேண்டும். காபித்தூள் நியூ ஆக்ஸ்ஃபோர்டு தெருக் கடையிலிருந்து. இவனைச் சாகடிக்க ஆள் கிளம்பிவிட்டது என்று நமக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. அதனால்தான் அந்த முட்டை மனதைப் பிசைகிறது. பின்னால் வந்தவர்கள் கடைப் பெயர்களையும் மதுவின் பெயரையும் எடுத்துக்கொண்டார்கள். இந்தப் பயத்தை எடுத்துக்கொள்ளவில்லை.

நீலவானம்:
அண்ணா, 'கர்னல் சன்' படித்திருக்கிறீர்களா? 1968-இல் கிங்ஸ்லி ஏமிஸ், ராபர்ட் மார்க்கம் என்ற பெயரில் எழுதியது. கோல்ஃப் ஆடிவிட்டு, தன் மேலதிகாரியான உளவுத்துறைத் தலைவர் எம் அவர்களைப் பார்க்க பாண்ட் அவர் வீட்டுக்குப் போகிறான். வீடு வழக்கம்போல அமைதியாக இருக்கிறது. உள்ளே போனால் எம் மருந்து ஏற்றப்பட்டு, நின்ற இடத்தில் ஆடிக்கொண்டிருக்கிறார். ஒன்பது வகையாகத் திட்டி வேலை வாங்கும் மனிதர், ஒரு சொல் பேச முடியாமல் நிற்கிறார். அவரைக் கடத்திக்கொண்டு போய்விடுகிறார்கள். வீட்டில் வேலை செய்த வயதான தம்பதியைக் கொன்றுவிடுகிறார்கள். நீங்கள் சொன்ன பயம் இதில் இல்லையா? இந்த நாவலின் சித்திரவதைக் காட்சியை 2015-இல் வந்த 'ஸ்பெக்டர்' படத்தில் எடுத்தாண்டு, ஏமிஸின் வாரிசுகளுக்கு நன்றியும் போட்டார்கள். 1964-இல் நிறுத்தியிருந்தால் இது நமக்குக் கிடைத்திருக்காது.

பழம்புத்தகம்:
தம்பி, அது விதிவிலக்கு. ஏமிஸ் அதற்கு முன்பே, 1965-இல், பாண்ட் நாவல்களை அலசி ஒரு தனி நூலே எழுதியவர். அந்த உலகத்தில் ஊறியவர். அப்படி இருந்தும் ஃப்ளெமிங்கின் மனைவி ஆன் இதை எதிர்த்தார். சரி, ஏமிஸை விடுங்கள். அதற்கப்புறம்? 1981 முதல் 1996 வரை ஜான் கார்ட்னர் 14 நாவல்கள், சினிமாக் கதையை நாவலாக்கியது தனியாக இரண்டு. எத்தனை நினைவில் நிற்கின்றன? 2011-இல் ஜெஃப்ரி டீவர் அவனை ஆப்கானிஸ்தானில் போர் செய்த இளைஞனாக்கி நம் காலத்தில் இறக்கிவிட்டார். பெயரை மாற்றினால் அது வேறு எந்த உளவாளியின் கதையாகவும் இருக்கலாம்.

இரவுப்பணி:
கார்ட்னரை இவ்வளவு லேசாகத் தள்ளாதீர்கள். அவருடைய முதல் பாண்ட் நாவலிலேயே, கொல்ல உரிமம் பெற்ற உளவாளிகளின் 00 பிரிவை அரசு கலைத்துவிட்டிருக்கும். பாண்ட் சிகரெட்டைக் குறைத்துக்கொண்டு, சாப் 900 டர்போ ஓட்டுவான். ரசிகர்கள் அந்தக் காருக்காக அவரைத் திட்டினார்கள். எனக்கு அந்தப் பாண்டைப் பிடிக்கும். வயதும் காலமும் அவனையும் தொடுகின்றன.

நீலவானம்:
நான் சொல்ல வருவது வேறு. குரலைப் போலச் செய்யப் போனவர்கள்தான் சறுக்கினார்கள். 2008-இல், ஃப்ளெமிங்கின் நூற்றாண்டுக்கு வந்த 'டெவில் மே கேர்' அட்டையிலேயே 'இயான் ஃப்ளெமிங்காக எழுதுபவர்' என்று செபாஸ்டியன் ஃபோக்ஸை அறிமுகம் செய்தார்கள். எனக்கு அது ஒட்டவே இல்லை. ஃப்ளெமிங் விட்டுப்போன இடத்தைத் தேடிப் பிடித்தவர்கள் ஜெயித்தார்கள்.

ஃப்ளெமிங்கின் கடைசி நாவல் 'தி மேன் வித் தி கோல்டன் கன்' எப்படித் தொடங்குகிறது? ரஷ்யர்கள் மூளைச்சலவை செய்து அனுப்பிய பாண்ட், எம் முன்னால் உட்கார்ந்து சயனைடு துப்பாக்கியை நீட்டுகிறான். மேலிருந்து இறங்கும் கண்ணாடித் தடுப்புதான் அவரைக் காப்பாற்றுகிறது. அடுத்த சில பக்கங்களில் சிகிச்சை முடிந்து அவன் ஜமைக்காவில் இருக்கிறான். தகப்பன் போன்றவரைக் கொல்லப் போனவன் அவ்வளவு சீக்கிரம் தேறிவிடுவானா? எனக்குப் பல வருடமாக இருந்த குறை அது. ஹோரோவிட்ஸின் 'வித் எ மைண்ட் டு கில்' அந்த இடத்தில்தான் கை வைக்கிறது. எம் இறந்துவிட்டதாகப் போலி இறுதிச்சடங்கு நடத்தி, பாண்டைக் கொலைகாரனாகக் காட்டி, அவன் மூளையைக் கெடுத்தவனிடமே திருப்பி அனுப்புகிறார்கள்.

பழம்புத்தகம்:
அந்தக் குறை எனக்கும் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். 'கோல்டன் கன்' ஃப்ளெமிங் உடம்பு முடியாத நிலையில் எழுதிய நாவல், திருத்தி முடிப்பதற்குள் போய்விட்டார். ஆனால் அந்த அவசரத்திலேயே ஒரு மனிதனின் கடைசி நாட்கள் தெரிகின்றன. அதை இன்னொருவர் வந்து செப்பனிடுவது எனக்கு வலிக்கிறது.

இரவுப்பணி:
ஒரு விஷயம். ஆசிரியர் இறந்து 60 ஆண்டுகள்வரை பதிப்புரிமை என்பது நம் நாட்டுச் சட்டம். அதனால் ஃப்ளெமிங் உயிரோடு இருந்தபோது வந்த நூல்களுக்கு இந்தியாவில் 2025 ஜனவரி முதல் பதிப்புரிமை இல்லை. பிரிட்டனில் 70 ஆண்டுகள், 2034 முடியும்வரை. பாண்ட் பெயரின் வணிக முத்திரை வேறு கணக்கு. ஆனால் ஃப்ளெமிங்கின் குடும்ப நிறுவனம் புதிய பாண்ட் நாவலை எழுத ஆளைத் தேர்ந்தெடுக்கும் காலம் முடியப்போகிறது. நிறுத்த வேண்டும் என்றாலும் யார் நிறுத்துவது?

பழம்புத்தகம்:
நிறுத்த முடியாது, தெரியும். படிக்காமல் இருக்க என்னால் முடியும் என்று நினைத்திருந்தேன். நீலவானம் சொன்னதைப் பார்த்துவிட்டு இப்போது 'கர்னல் சன்' பிரதியைத் தேடி எடுத்து வைத்திருக்கிறேன். எம் வீட்டு அத்தியாயத்தை மட்டும் இன்றிரவு படிக்கிறேன். கார்ட்னரின் 14-ஐப் பற்றி என் கருத்து மாறவில்லை.