அத்தை மாமாவோட இங்கிலாந்து கோச் டூர்: பிளாக்பூலா, ஸ்கார்பரோவா, ஈஸ்ட்போர்னா?

மல்லேஸ்வரம் மருமகள்:
எல்லாருக்கும் வணக்கம். மே மாசம் பெங்களூர்ல இருந்து நாங்க 6 பேர் இங்கிலாந்து போறோம். நான், வீட்டுக்காரர், பசங்க ரெண்டு பேர் (11, 7), அத்தைக்கு 68, மாமாவுக்கு 74. தம்பி லெஸ்டர்ல இருக்கான், அவன் வீட்ல தங்கிட்டு நடுவுல 5 நாள் ஏதாவது கடற்கரை ஊருக்கு கோச் ஹாலிடே போட்டுக்கலாம்னு சொல்றான். நம்ம ஊர் டூரிஸ்ட் பஸ் மாதிரிதான், அவங்களே ஏத்திட்டுப் போய் ஹோட்டல், காலை டிபன், ராத்திரி சாப்பாடு, ஒண்ணு ரெண்டு இடம் சுத்திக் காட்றது எல்லாம் சேத்து ஒரே காசு.

கடல்னு கேக்கறதே அத்தைக்காகத்தான். நாகப்பட்டினத்துல பொறந்து வளந்தவங்க, கல்யாணமாகி இங்க வந்து 45 வருஷம் ஆச்சு, இத்தனை வருஷத்துல அவங்க எனக்கு இது வேணும்னு வாயத் தொறந்து கேட்டது ரொம்ப கம்மி. லண்டன் அரண்மனையெல்லாம் எனக்கு வேணாம்மா, அங்க கடல் இருக்கான்னு மட்டும்தான் கேட்டாங்க.

என் கவலை என்னன்னா அத்தைக்கு ரெண்டு முட்டியும் தேய்மானம், ஏறறத விட படி இறங்கறதுதான் கஷ்டம். மாமாவுக்கு ப்ராஸ்டேட் தொந்தரவு, ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தடவ பாத்ரூம் போகணும். ரெண்டு பேரும் முட்டை கூட தொட மாட்டாங்க. பிளாக்பூல், ஸ்கார்பரோ, ஈஸ்ட்போர்ன் மூணுல எது சரிப்படும்? இல்ல கார் எடுத்துட்டு நாமளே போயிடறது நல்லதா? போய்ட்டு வந்தவங்க யாராவது இருந்தா சொல்லுங்க ப்ளீஸ்.

ஒயிட்ஃபீல்ட் வாசி:
அக்கா, நான் லீட்ஸ்ல 9 வருஷம் இருந்துட்டு திரும்பி வந்தவன், மூணு ஊருக்கும் போயிருக்கேன்.

ஈஸ்ட்போர்ன் ரொம்ப அமைதியான ஊர், கடலோரமா நடக்கற ப்ரோமெனேட் நல்லா சமமா இருக்கும், பக்கத்துல பீச்சி ஹெட்னு 162 மீட்டர் உயரத்துக்கு வெள்ளை சுண்ணாம்புப் பாறை, பாத்தா அசந்து போயிடுவீங்க. ஆனா அங்க கரையில மணல விட கூழாங்கல்தான் ஜாஸ்தி. முட்டி வலி இருக்கறவங்க அந்த கல்லு மேல நடந்து தண்ணிகிட்ட போறது நடக்காத காரியம், அதனால அத்தைக்கு அது வேணாம்.

பிளாக்பூல் முட்டிக்கு ரொம்ப வசதி. ஊரே தட்டையா இருக்கும், கடலோரமா ட்ராம் ஓடுது, 1885ல இருந்து ஓடற லைன், இப்ப இருக்கறது 2012ல வந்த தாழ்தள வண்டி, ஏறறதுக்கு படியே கிடையாது. பசங்களுக்கு டவர் இருக்கு, 1894ல ஈஃபிள் டவர பாத்துட்டு வந்து கட்டினது, 158 மீட்டர், உள்ளயே சர்க்கஸ், பழைய டான்ஸ் ஹால் எல்லாம் இருக்கு. தம்பி அந்த ஊர் லைட் அலங்காரத்த பத்தி சொல்லிருந்தார்னா அது மே மாசத்துல இருக்காது, ஆகஸ்ட் கடைசிலதான் ஆரம்பிக்கும். இன்னொண்ணு, அங்க தண்ணி வத்தும்போது கடல் ரொம்ப தூரம் உள்ள போயிடும், எட்டின வரைக்கும் வெறும் ஈர மணல்தான் தெரியும். போறதுக்கு முன்னாடி ஏத்த இறக்க டைம் பாத்து வெச்சுக்கோங்க.

ஸ்கார்பரோ எனக்கு மனசுக்கு நெருக்கமான ஊர். ரெண்டு வளைகுடா, நடுவுல துருத்திட்டு இருக்கற பாறை மேல பழைய கோட்டை, கீழ மீன்பிடி துறைமுகம், நல்ல மணல். கஷ்டம் என்னன்னா ஊர் மேல இருக்கு கடல் கீழ இருக்கு, நிறைய ஹோட்டல் மேட்டு மேலதான். ஆனா மேல இருந்து கீழ இறங்க சென்ட்ரல் ட்ராம்வேன்னு ஒரு சின்ன இழுவை ரயில் 1881ல இருந்து இருக்கு, நம்ம பழனி விஞ்ச் மாதிரி, அதுல இறங்கினா நேரா பீச் ரோடுதான். ஹோட்டல் அதுக்கு எவ்ளோ பக்கம்னு மட்டும் கேட்டுக்கோங்க. பசங்களுக்கு வடக்கு பக்கத்துல 1931ல ஆரம்பிச்ச குட்டி ரயில் இருக்கு, என் பையன் அதுல இருந்து இறங்கவே மாட்டான்.

சாப்பாட்டுல ஒரு முக்கியமான விஷயம், இத யாரும் சொல்ல மாட்டாங்க. ஸ்கார்பரோ இருக்கற யார்க்ஷயர் பக்கம் நிறைய கடைல உருளைக்கிழங்கு சிப்ஸ மாட்டுக் கொழுப்புல பொரிப்பாங்க, பீஃப் டிரிப்பிங்னு சொல்வாங்க. சிப்ஸ்தானே, சைவம்தானேன்னு வாங்கிக் குடுத்துடாதீங்க, எந்த எண்ணெய்னு ஒவ்வொரு கடைலயும் கேளுங்க. எனக்கே 2 வருஷம் கழிச்சுதான் தெரிஞ்சது, என் அம்மாவுக்கு அதுவரைக்கும் வாங்கிக் குடுத்துட்டு இருந்தேன்னு நெனச்சா இன்னும் மனசு உறுத்துது. அதே மாதிரி யார்க்ஷயர் புட்டிங்ல முட்டை இருக்கு, சூப்ல கறி வேக வெச்ச தண்ணி (ஸ்டாக்) இருக்கலாம்.

கம்மனஹள்ளி அக்கா:
நான் எங்க அம்மாவ கூட்டிட்டு இதே மாதிரி ஒரு கோச் டூர் போனேன்மா (தெற்கு கடற்கரை பக்கம்), அதனால பஸ்ஸ பத்தி சொல்றேன். பஸ் நல்லாருக்கும், குலுங்கவே குலுங்காது. டிரைவர் நாலரை மணி நேரம் ஓட்டினா 45 நிமிஷம் கட்டாயம் ரெஸ்ட் எடுக்கணும்னு அங்க சட்டம், அதுக்கு முன்னாடியே ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவ மோட்டார்வே சர்வீஸ்ல (நெடுஞ்சாலை ஓரத்துல டாய்லெட், கடை இருக்கற இடம்) நிறுத்திடுவாங்க. பஸ்லயே டாய்லெட் இருக்கும், ஆனா எங்க பஸ்ல அது நடு வாசல் பக்கம் கீழ இறங்கற படிக்கட்டுல இருந்தது, குறுகலா செங்குத்தா. மாமாவுக்கு பரவால்ல, அத்தை ஓடற பஸ்ல அதுல இறங்கவே கூடாது. சீட் நம்பர் புக் பண்ணும்போதே குடுத்துடுவாங்க, சீக்கிரம் புக் பண்ணி முன்னாடி சீட்டா கேளுங்க.

ஹோட்டல்லதான் எங்களுக்கு அடி பட்டுச்சு. ரூம்ல குளிக்க பாத்டப் மட்டும்தான் இருந்தது, அதோட விளிம்பு முட்டி உயரத்துக்கு, அம்மா அத தாண்டி கால் வெக்கறப்போ வழுக்கி விழுந்து மணிக்கட்டு வீங்கிடுச்சு. அம்மா வலிய விட எல்லாரோட டூரும் என்னால கெட்டுதேன்னுதான் அழுதாங்க. நான் முன்கூட்டியே ஒரு வார்த்தை கேட்டிருந்தா வேற ரூம் குடுத்திருப்பாங்க. அதனால புக் பண்ற அன்னிக்கே வாக்-இன் ஷவர் இருக்கற ரூம், லிஃப்ட் இருக்கா, தரைத்தள ரூம் கிடைக்குமா, இது மூணையும் எழுத்துல கேட்டு வாங்கிக்கோங்க. லிஃப்ட் இருக்குன்னு சொன்னாலும் லிஃப்ட்டுக்கு முன்னாடி 4 படி இருக்கும், அதையும் கேளுங்க.

டாய்லெட்ல தண்ணி பைப் கிடையாது, ஒரு பிளாஸ்டிக் மக் பெட்டில வெச்சுடுங்க. ரூம்ல கெட்டில் இருக்கும், உப்புமா பாக்கெட், அவல் பாக்கெட் எடுத்துட்டு போனா ராத்திரி பசிக்கு ஆகும். ஆனா நெய், பால்கோவா, பேடா எதுவும் கட்டிக்காதீங்க, இந்தியால இருந்து பால் பொருள் உள்ள கொண்டு போகக் கூடாது. பருப்புப் பொடிய நல்லெண்ணெய்ல பெசஞ்சுக்கலாம்.

ஜெயநகர் 4த் பிளாக்:
கார் பத்தி கேட்டீங்களே மேடம், நம்ம லைசென்ஸ்ல 12 மாசம் வரைக்கும் அங்க ஓட்டலாம், அது பிரச்சனை இல்ல. ஆனா 7 வயசு குழந்தைக்கு பூஸ்டர் சீட் (குழந்தைய உயரமா உக்கார வைக்கற சீட்) வேணும் (12 வயசு இல்லன்னா 135 செமீ உயரம், ரெண்டுல எது முன்ன வருதோ அதுவரைக்கும்), 6 பேர் 6 பெட்டி ஒரு கார்ல அடங்காது. 74 வயசு மாமாவுக்கு டிராவல் இன்சூரன்ஸ் எடுக்கறப்போ பிபி, சுகர், ப்ராஸ்டேட் எல்லாத்தையும் மறைக்காம எழுதுங்க. அங்க எமர்ஜென்சில பாக்கறது ஃப்ரீ, ஆனா அட்மிட் பண்ணிட்டா நம்மள மாதிரி வெளிநாட்டுக்காரங்களுக்கு ஒன்றரை மடங்கு பில். விசா கைக்கு வந்தப்புறம் கோச்சுக்கு பணம் கட்டுங்க. மே கடைசி வாரம் அங்க ஸ்கூல் லீவ், விலையும் ஏறும் கூட்டமும் ஏறும், மே நடுவுலயே முடிச்சுடுங்க.

மல்லேஸ்வரம் மருமகள்:
எல்லாருக்கும் ரொம்ப ரொம்ப நன்றி, இவ்ளோ அக்கறையா எழுதுவீங்கன்னு நெனக்கல. கம்மனஹள்ளி அக்கா, உங்க அம்மா கை இப்ப சரியாயிடுச்சா? நேத்து ராத்திரி இத எல்லாம் அத்தைக்கு படிச்சுக் காட்டினேன். சிப்ஸ் விஷயத்த கேட்டு மாமா அப்போ அங்க சிப்ஸே வேணாம்னுட்டாரு. அத்தை பேசாம கேட்டுட்டே இருந்துட்டு கடைசில ஒண்ணே ஒண்ணு கேட்டாங்க, இதுல எந்த ஊர்க் கடல் கிழக்க பாத்த கடல்னு. ஒயிட்ஃபீல்ட் தம்பி, கொஞ்சம் சொல்லுங்களேன்.

ஒயிட்ஃபீல்ட் வாசி:
அக்கா, அப்ப ஸ்கார்பரோதான், யோசிக்கவே வேணாம். பிளாக்பூல் மேற்கு கரை, அங்க சூரியன் கடல்ல மறையும். ஸ்கார்பரோ கிழக்கு கரை, நாகப்பட்டினம் மாதிரியே கடல்ல இருந்து எழும்பி வரும். ஆனா மே பாதிக்கு மேல அஞ்சு மணிக்கு முன்னாடியே உதிச்சுடும். அந்த பக்கம் கடல்ல இருந்து ஒரு குளிர் மூடுபனி வந்து மூடிக்கும், ஃப்ரெட்னு சொல்வாங்க, அதனால ஒரு நாள் தெரியலன்னா மறுநாளும் போங்க. அந்த நேரத்துல இழுவை ரயில் ஓடாது, டாக்ஸிய முதல் நாளே சொல்லி வெச்சுடுங்க, தெற்கு பீச்ல லைஃப்போட் ஸ்டேஷன் (மீட்புப் படகு நிக்கற இடம்) பக்கம் சரிவா இறங்கற வழி இருக்கு. தண்ணி 10 டிகிரி பக்கம்தான் இருக்கும், கால நனைச்ச உடனே தொடைக்க ஒரு துண்டும் கம்பளி சாக்ஸும் கையோட வெச்சுக்கோங்க.

மல்லேஸ்வரம் மருமகள்:
ஸ்கார்பரோவே முடிவு பண்ணிட்டோம், தம்பிகிட்டயும் சொல்லிட்டேன். அஞ்சு மணிக்கு முன்னாடி எழுந்துக்கணுமேன்னு நான் இழுத்தேன், அத்தை சொன்னாங்க, 45 வருஷமா நாலரைக்கு எழுந்து வாசல் தெளிச்சுட்டுதான் இருக்கேன், நான் உன்ன எழுப்பறேன்னு.